இடது கன்னம்

வேனில் ஏறியதும் அக்கா செய்கிற முதல் காரியம், டிரைவரின் கண்ணாடியில் தொங்கும் சின்னப் பிள்ளையாரைப் பிடித்து நேராகத் திருப்பி வைப்பது. வேன் கிளம்பினால் அவர் மறுபடி திரும்பிக்கொள்வார். கவரைப்பேட்டையில் அக்கா ஏறுவார். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போவதற்குள் மூன்று முறையாவது சீட்டை விட்டு எழுந்து போய்ப் பிள்ளையாரை நேராக்கிவிட்டு வருவார். ஒருநாள் டிரைவர் பொறுக்க முடியாமல், “அக்கா, அவரு ஜன்னல் பக்கம் வேடிக்கை பாத்துக்கினு வர்றாரு, உடேன்” என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. “சாமி கோணலாப் பாத்தா நம்பள எப்பிடிப்பா கண்டுக்கும்?” என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தால் வருத்தப்படுவார் என்பதால் அல்ல. எழுதிக் காட்டினால், எழுத்தெல்லாம் ஒரே வரிசையில் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு அந்தக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சோழவரத்தில் வேன் ஏறும்போதே எனக்கு ஜன்னலோர சீட் வேண்டும், தூக்கம் வேண்டும். அக்கா விட்டால்தானே. பக்கத்தில் வந்து உட்காருவார். என் துப்பட்டாவில் குத்திய பின் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தால் கழற்றிக் குத்துவார். வகிடு வளைந்திருந்தால் பேனா மூடியாலேயே கோடு கிழித்து எடுத்துவிடுவார். வேனில் வருகிற ஆறு பெண்களும் கம்பெனி வாசலில் இறங்கும்போது ஒரே அச்சில் வார்த்து எடுத்த பொம்மைகள் மாதிரி இருப்போம். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் விடுப்பு எடுத்த நாட்களில் கண்ணாடி முன்னால் நின்று நானே ஒருமுறை வகிட்டைச் சரிபார்த்துக்கொள்வேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கம்பெனி என்றால் பெரியதாக நினைக்க வேண்டாம். இரும்பு உருக்கும் இரண்டு ஆலைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஷெட். ஃபைபரில் சாமான் செய்வோம். பூங்காவில் வாயைத் திறந்துகொண்டு நிற்குமே பென்குயின் குப்பைத்தொட்டி, அது எங்கள் ஆள்தான். பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம், துணிக்கடையில் புடவை கட்டி நிற்கும் பொம்மை, எல்லாம் உண்டு. முதலில் மாஸ்டர் என்று ஒரு மூல உருவம் இருக்கும். அதன் மேல் மோல்டு, அதாவது அச்சு, எடுப்பார்கள். மோல்டுக்குள் ரெசின் ஊற்றினால் வேண்டுமட்டும் பிரதி எடுத்துக்கொண்டே போகலாம். மாஸ்டரில் ஊசி முனை அளவு பள்ளம் இருந்தாலும் இருநூறு பிரதியிலும் அந்தப் பள்ளம் வரும். அதனால் மோல்டு எடுப்பதற்கு முன் மாஸ்டரைச் சீர் செய்ய நல்ல கை வேண்டும். அந்தக் கை அக்காவுடையது.

பென்குயின் விஷயத்தில்தான் அவர் பெயர் வாங்கினார். வெளியிலிருந்து வந்த மாஸ்டரில் அலகு லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்ததாம். யாரும் கவனிக்கவில்லை. அக்கா யாரிடமும் கேட்காமல் பட்டிப் பசை வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, அலகை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாங்கியவர்கள் போன் போட்டுப் பாராட்டினார்கள். அன்றிலிருந்து முதலாளி எந்த மாஸ்டர் வந்தாலும், “அந்தம்மா கைல குடு, அது பாத்துக்கும்” என்பார். முதலாளி அறைக் கதவில் இருந்த பெயர்ப்பலகையைக்கூடத் திங்கட்கிழமை தோறும் அக்காதான் ஸ்டூல் போட்டு ஏறி நேராக்குவார். அது கோணியதே இல்லை என்பது வேறு விஷயம்.

அவர் கட்டைவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது கட்டைவிரல். ரேகையெல்லாம் தேய்ந்துபோய் வழுவழு என்று இருக்கும். வருகைப் பதிவு இயந்திரம் அவர் விரலை மட்டும் ஏற்றுக்கொள்ளாது. எனக்கு வேலை வைப்பார், நான்தான் நோட்டில் எழுதுவேன். கண்ணால் பார்ப்பதை அவர் முழுசாக நம்பமாட்டார். பென்குயின் வயிற்றில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வருவார், ஓரிடத்தில் நிற்கும். நான் குனிந்து விளக்கடித்துப் பார்த்தால் அங்கே ஒரு மேடு இருக்கும்.

அந்த விரல் எப்படி அவ்வளவு கற்றுக்கொண்டது என்பதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். எனக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். வாயோரத்தில் கட்டைவிரலை வைத்து, கன்ன எலும்பு வரை மெதுவாக ஏற்றி, அங்கே ஒரு நொடி நின்று, காது வரை கொண்டுபோனார். மறுபடி வாயோரம். பல்வலி போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

“எங்க ஊட்டுக்காரருக்கு இப்பிடித்தான் கண்ணு தேய்ப்பேன்” என்றார். “ஒருநாள் காலைல எழுந்து வாய் கொப்புளிச்சாரு. தண்ணி ஒரு பக்கமா ஒழுகுது. இன்னாய்யா இதுன்னு பாத்தா, மூஞ்சி இப்பிடி இழுத்துக்கினு கீது. பெரியாஸ்பத்திரில மாத்திரை குடுத்தாங்க, தேச்சி உடச் சொன்னாங்க. மூணு மாசத்துல சரியாப் பூடும்னாங்க.”

“சரியாயிடுச்சாக்கா?”

“உடுவனா? காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. நேராக்கிட்டேன்.”

அதை அவர் சொன்ன விதத்தில் பென்குயின் அலகைச் சொன்ன அதே பெருமை இருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் நம்பினோம். ஏன் நம்பமாட்டோம், அந்த விரலைத் தினமும் பார்க்கிறோமே. அதன் பிறகு கம்பெனியில் யாருக்குக் கழுத்து பிடித்தாலும் முகம் வீங்கினாலும் அக்காவிடம்தான் போவார்கள்.

இரண்டு வருடம் கழித்து அந்தத் தலை வந்தது.

சென்னையில் இருந்த ஒரு ஏஜெண்ட் மூலமாக வெளிநாட்டு மியூசியம் ஒன்றின் ஆர்டர் கிடைத்திருந்தது. மியூசியத்தில் இருக்கும் நவீன சிற்பம் ஒன்றின் பிரதியை அவர்கள் தங்கள் கடையில் விற்கிறார்களாம். அசல் வெண்கலம். நமக்கு பிளாஸ்டரில் ஒரு மாஸ்டர் அனுப்புவார்கள், நாம் ஃபைபரில் இருநூறு செய்து, வெண்கல நிறம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். குப்பைத்தொட்டி செய்து கொண்டிருந்த முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மரப்பெட்டி வந்த அன்று சாமி படத்துக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டித்தான் ஆணியைப் பிடுங்கினார்.

உள்ளே வைக்கோல் மாதிரி சுருண்ட காகிதத்துக்கு நடுவில் ஒரு பெண்ணின் தலை. கழுத்து நீளம். மூடிய கண்கள். முடி என்று தனியாக ஒன்றுமில்லை, சேற்றைக் கையால் வழித்து விட்டது போல் ஒரு மேடு. வலப்பக்கம் இருந்து பார்த்தால் அமைதியாகத் தூங்குகிற முகம். நேராக வந்து நின்றால்தான் தெரியும்: இடது கன்னம் சரிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே தளர்ந்து, உதட்டின் இடது ஓரம் அரை விரற்கடை இறங்கியிருந்தது.

மோல்டிங் பையன்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவன், பல்வலிதான் என்றான். இன்னொருவன், “பன்னை வாய்ல அடக்கிக்கினு தூங்கிடுச்சிடா” என்றான். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரித்தாரா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் வரவே இல்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு தூணோரம் நின்றிருந்தார்.

வழியில் அதிர்ந்ததில் மாஸ்டரில் மயிரிழை விரிசலும் சில ஊசித்துளைகளும் இருந்தன. சீர் செய்ய அக்காவிடம் போனது. இரண்டு நாள் அவர் மேஜையில் இருந்தது. வழக்கமாக வேலை செய்யும்போது ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பவர், அந்த இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. டீக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை.

மூன்றாம் நாள் நான் என் தாளை எடுத்துக்கொண்டு போனேன். துளை இருக்கிறதா, இல்லை. விரிசல் அடைபட்டதா, ஆமாம். மேற்பரப்பு வழுவழுப்பா, ஆமாம். ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுக் கீழே கையெழுத்திட்டேன். அந்த முகத்தை நான் பார்த்தேனா? பார்த்தேன். விளக்கடித்து, குனிந்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். முழு முகமாக ஒருமுறை தள்ளி நின்று பார்க்கவில்லை. அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

மோல்டு எடுத்தார்கள். முதல் நாற்பது தலைகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றையும் மாஸ்டரோடு வைத்துப் பார்த்து, அச்சு அசல் என்று நானே எழுதிக் கொடுத்தேன். நாள் நெருக்கிய அவசரத்தில் மோல்டிங் பையன்களும் முகத்தைக் கவனிக்கவில்லை. ஏஜெண்ட் கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். வரிசையாக நாற்பது தலைகளையும் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து மியூசியத்தின் நான்கு பக்கப் புகைப்படங்களை எடுத்து மேஜையில் பரப்பினார்.

“இது யாரு சார்?” என்று முதலாளியைக் கேட்டார். “இது எங்க ஆளு இல்லையே.”

நாற்பது தலைகளுக்கும் முகம் நேராக இருந்தது. இடது கன்னம் வலது கன்னத்தைப் போலவே நிறைந்து, உதடு சமமாக, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. முதலாளி என்னைப் பார்த்தார். “மாஸ்டரோட சரியா இருக்கு சார்” என்றேன். அது உண்மைதான். மாஸ்டரே மாறிப்போனால் நான் எதோடு ஒப்பிடுவது என்று மனதுக்குள் ஒரு வாதம் ஓடியது. அடுத்த நொடி, தாளில் கிடக்கும் என் கையெழுத்து ஞாபகம் வந்தது.

யாரும் கூப்பிடாமலே அக்கா வந்து நின்றார்.

“நான்தான் சார் செஞ்சேன். இந்தப் பொண்ணுக்குத் தெரியாது.”

“எதுக்கும்மா?”

“இழுத்துக்கினு இருந்திச்சி சார். பாக்க முடியல.”

முதலாளி கத்துவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அது அப்பிடித்தாம்மா இருக்கணும். அது ஆர்ட்டு.”

“ஆர்ட்டுன்னா நோவாத்தான் இருக்கணுமா சார்?” என்று அக்கா கேட்டார். எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஏஜெண்ட் புகைப்படங்களை ஒன்றாகச் சேர்த்து முதலாளி பக்கம் தள்ளினார்.

இன்னொரு மாஸ்டர் வர மாதக்கணக்காகும், அதற்குள் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்றார் ஏஜெண்ட். ஒரு வாரம் கொடுத்தார். புகைப்படத்தில் இருக்கிறபடி முகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் சரி. இல்லையென்றால் அக்காவை அனுப்பிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று முதலாளி சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வைத்த பட்டியைப் பெயர்த்துவிட்டால் போதாதா என்று நினைக்கலாம். உதட்டோரத்தை மேலே ஏற்றுவதற்காக அக்கா கீழே இருந்த பிளாஸ்டரைத் தேய்த்தே எடுத்திருந்தார். அசல் கோடு தூளாகிப் பெருக்கித் தள்ளப்பட்டுவிட்டது. முதலாளி ஓவியக் கல்லூரியில் படித்த ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் ஒரு பிரதியின் மேல் களிமண் வைத்துச் செய்து பார்த்தார். படத்தில் இருப்பதைப் போலத்தான் இருந்தது. ஆனாலும் யாரோ வேண்டுமென்று முகத்தைக் கோணிக்கொண்டு பழிப்பது போல் தெரிந்தது. ஏஜெண்ட் போனில் படம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மீதி நான்கு நாள். முதலாளி என்னை அனுப்பினார், அக்காவிடம் பேசச் சொல்லி.

அக்கா பென்குயின்களுக்கு நடுவே உட்கார்ந்து உப்புத்தாளை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “நல்லானத என் கையாலயே கெடுக்கச் சொல்றியே கண்ணு” என்றார்.

“அது பொம்மைக்கா.”

“தெரியும்.”

“உங்க வேலை போயிடும்க்கா.”

“போவட்டும். நடவுக்குப் போனா சோறு கெடைக்காதா?”

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். இன்று வரை சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைக்கிற ஒன்று. “என் வேலையும் போயிடும்க்கா. கையெழுத்து என்னுது.” எங்கள் வீட்டில் அப்பா படுத்துவிட்ட சமயம் அது, என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அது அக்காவுக்கும் தெரியும். தெரியும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அவர் நறுக்கிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரம் பிசகாமல் அடுக்கினார். பிறகு எழுந்தார். “செய்யறன். ஆனா நான் செய்யும்போது ஒருத்தரும் பாக்கக் கூடாது. நீ வேணா இரு.”

மாஸ்டரை ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். மதியம் இரண்டு மணி இருக்கும். தகரம் காய்ந்துகொண்டிருந்தது. நான் நான்கு புகைப்படங்களையும் சுவரில் ஒட்டி வைத்தேன். அக்கா அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு சுரண்டியையும் பட்டியையும் எடுத்தார். ஒவ்வொரு முறை சுரண்டி, தேய்ந்த இடத்தில் பட்டி வைத்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டினார். என் கன்னத்தில் ஓட்டிய அதே வழிதான். ஆனால் தலைகீழாக, மேலிருந்து கீழே.

“மொதல்ல கண்ணுக்குக் கீழ உடும்” என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. “அப்புறம் மூக்கோரம். இங்க ஒரு கோடு இருக்கும் பாரு, எல்லாருக்கும், அது அழிஞ்சி பூடும். வாய் கடைசியாத்தான் எறங்கும்.”

அந்த வரிசையிலேயே செய்தார். இரண்டு மணிநேரத்தில் முகம் இறங்கிவிட்டது. நான் படத்தோடு வைத்துப் பார்த்தேன். அளவுகோல் வைத்தும் பார்த்தேன். பிறகு, கட்டத்தில் இல்லாத வேலையாக, தள்ளி நின்றும் பார்த்தேன். பெட்டியிலிருந்து வந்த அதே பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஏஜெண்ட் வந்து, தலையைச் சுற்றி இரண்டு முறை நடந்து பார்த்தார். “யாரு செஞ்சது?” என்று மட்டும் கேட்டார். ஆர்டர் தப்பியது. என் வேலையும் தப்பியது. முதலாளி எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அக்கா தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனார். திங்கட்கிழமை கவரைப்பேட்டையில் வேன் நின்றது; அவர் இல்லை. செவ்வாயும் இல்லை. போன் அணைந்திருந்தது. டிரைவர் பிள்ளையாரைத் தானே ஒருமுறை நேராக்கிவிட்டு வண்டியை எடுத்தார்.

முகம் நேரான தலைகள் நாற்பதையும் உடைத்துவிட வேண்டும் என்பது ஏஜெண்டின் கண்டிப்பு. மியூசியத்தின் பெயரில் தப்பான முகம் வெளியே போகக் கூடாதாம். பையன்கள் ஷெட்டுக்குப் பின்னால் சுத்தியலோடு உட்கார்ந்தார்கள். எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. முப்பத்தொன்பதை எண்ணி நாற்பது என்று எழுதினேன். ஒன்றை என் துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். என் வேலைக்காக அக்காவைச் செய்ய வைத்ததற்கு வேறு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தான் நேராக்கிய முகத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு பொருத்தமான பரிசு உலகத்திலேயே கிடையாது என்று எனக்கு அப்போது ஒரு கர்வம்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். கவரைப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ. இரண்டு பக்கமும் நெல் பால் பிடித்து நின்றது. அக்கா வீடு அரசு கட்டிக்கொடுத்த கான்க்ரீட் வீடு. கதவோரம் செருப்புகள் எல்லாம் ஒரே திசை பார்த்து ஜோடி ஜோடியாக இருந்தன. அதை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்.

வாசலில் வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கம்பனிப் பொண்ணாம்மா? வா” என்றார். வார்த்தைகள் ஒரு பக்கமாக வழிந்து வந்தன.

அவருடைய இடது கன்னம் முழுக்க இறங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே. மூக்கோரக் கோடு அழிந்திருந்தது. வாய் கடைசியாக. இடது கண் மூட முடியாமல் நீர் கோத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நேற்று வந்த நோய் அல்ல அது. வருடக்கணக்காக அப்படியே இருந்து, அந்த முகத்துக்கு அதுவே பழகிப்போயிருந்தது.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அக்கா உள்ளேயிருந்து வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, முதல் காரியமாக என் பின்னைக் கழற்றிச் சரியாகக் குத்தினார். கலர் சோடா வாங்கிவரப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பினார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னோடு பேசிக்கொண்டே அவர் கன்னத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். வாயோரத்திலிருந்து கன்ன எலும்பு வரை, ஒரு நொடி நின்று, காது வரை. விரல் ஏறும்போது அந்த முகம் நேராகும். விரலை எடுத்ததும் இறங்கிவிடும். மறுபடி ஏற்றுவார். கணவர் நல்ல கண்ணை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இப்ப எவ்ளவோ நேராயிடுச்சி இல்ல கண்ணு?” என்றார் அக்கா. “நீ மொதல்ல பாத்திருக்கணும்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவரும் காத்திருந்தார்.

“ஆமாக்கா” என்றேன். “நல்லா நேராயிடுச்சி.”

கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று நான் அக்காவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டேன். முதலாளியும் கூப்பிடச் சொல்லியிருந்தார். “வர்றன், நாளைக்கு வர்றன்” என்றார் அக்கா. சொன்னபடி மறுநாளே வந்து பிள்ளையாரைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதன் பிறகு மூன்று வருடம் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். எத்தனையோ மாஸ்டர் வந்தது. அந்தத் தலையைப் பற்றியோ அவர் கணவரைப் பற்றியோ நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. கல்யாணமாகி நான் திருவள்ளூர் பக்கம் வந்துவிட்டேன். கம்பெனி கைமாறியது. இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. தெரிந்துகொள்ள நான் பெரிதாக முயலவும் இல்லை. அந்த வாசலுக்கு இன்னொரு முறை போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அக்கா ரோடு வரை கூட வந்தார். மோட்டார் கொட்டகைப் பக்கம் ஆள் இல்லை. நான் பையிலிருந்து துப்பட்டாச் சுருளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிரித்தார். வெயிலில் அந்த முகம் பளிச்சென்று இருந்தது. நேரான உதடு, நிறைந்த கன்னம். அவர் கட்டைவிரல் தானாக இடது கன்னத்துக்குப் போனது. வாயோரத்திலிருந்து காது வரை ஒருமுறை ஓடியது. எங்கும் நிற்கவில்லை.

“எல்லாத்தயும் ஒடச்சிட்டாங்கன்னு நெனச்சேன்” என்றார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

“உங்களுக்குத்தான்க்கா. வீட்ல வெச்சிக்கோங்க.”

அவர் திரும்பி வீட்டைப் பார்த்தார். வேப்பமர நிழலும் நாற்காலியின் முதுகும் அங்கிருந்து தெரிந்தன. பிறகு துணியை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். இரண்டு முனையும் சமமாக வருகிறதா என்று பார்த்து, ஒரு முடிச்சு போட்டு, என் பைக்குள் அவரே வைத்தார்.

“நீயே வெச்சிக்க கண்ணு” என்றார். “ஊட்ல இருந்தா, அவரு பாத்துக்கினே இருப்பாரு.”